மூன்றாம் இடம், எந்தப் பந்தயத்தில்?

2025 ஜனவரி 12 பிற்பகல். துபாய் ஆட்டோட்ரோமில் 24 மணி நேரக் கார் பந்தயம் முடிந்து, அஜித்குமார் தேசியக் கொடியோடு ஓடிவந்த காட்சி கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிவிட்டது. அவர் தந்தை பாலக்காட்டுத் தமிழர். அதனால் வாளையாற்றுக்கு அந்தப்பக்கம் கோவையில் எவ்வளவு கொண்டாட்டமோ, இந்தப்பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூரிலும் அவ்வளவு கொண்டாட்டம். "அஜித் அணி மூன்றாம் இடம்" என்பது செய்தி.

முழு முடிவுப் பட்டியலைத் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் குழப்பம். மேலிருந்து மூன்றாவது வரியில் அந்த அணி இல்லை. அதற்கு முன்னால் நிறைய வண்டிகள் இருந்தன. செய்தியில் தவறு ஒன்றும் கிடையாது. அந்த அணி உண்மையில் மூன்றாவதுதான், தன் பிரிவில்.

குழப்பம் அங்கே தீர்ந்துவிடவில்லை. மூன்றாம் இடம் பிடித்த வண்டியின் பெயர் போர்ஷே 911 ஜிடி3 கப். ஆனால் அது ஜிடி3 பிரிவில் ஓடவில்லை. '992' என்ற பிரிவில் ஓடியது. பயிற்சியின்போது நடந்த விபத்துக்குப் பிறகு அஜித் அந்த வண்டியை ஓட்டும் பொறுப்பிலிருந்து விலகி, அதே பந்தயத்தில் இன்னொரு போர்ஷேயை, ஜிடி4 பிரிவில், ஓட்டினார். போர்ஷே நிறுவனம் எண் பலகை மாட்டிச் சாலையில் ஓட்டுவதற்கென்று விற்கும் ஒரு காருக்கும் 911 ஜிடி3 என்றே பெயர். அது எந்தப் பந்தயப் பிரிவையும் சேர்ந்ததல்ல. அந்தச் சாலைக் கார் வந்தது 1999இல். ஜிடி3 என்ற பந்தயப் பிரிவு பிறந்தது 2006இல். ஆக, ஒரே எழுத்தும் எண்ணும் மூன்று வெவ்வேறு பொருள்களின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

பிரிவு எதற்கு என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பொள்ளாச்சிப் பக்கம் ரேக்ளா நடந்தால் காளையின் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். இளங்காளைக்கு 200 மீட்டர், முதிர்ந்ததற்கு 300 மீட்டர். குமுளி மலையிறங்கிக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போனால் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று பட்டியல் நீளும். தட்டான்சிட்டில் வென்றவரைப் பார்த்து "பெரிய மாட்டை முந்தினாயா?" என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு பிரிவும் தனிப் பந்தயம், தனிப் பரிசு.

கார்களில் ஒரு வித்தியாசம் உண்டு. மாட்டுவண்டிகளைப் பிரிவு பிரிவாக, ஒன்று முடிந்தபின் ஒன்றாக விடுவார்கள். துபாயில் எல்லாப் பிரிவும் ஒரே நேரத்தில், ஒரே தடத்தில், இரவும் பகலும் ஓடுகின்றன. அந்தத் தடத்தின் ஒரு சுற்று 5.39 கிலோமீட்டர். நல்ல ஜிடி3 வண்டி அதைச் சுமார் இரண்டு நிமிடத்தில் சுற்றிவிடும். ஜிடி4 வண்டிக்குப் பத்து நொடி கூடுதலாகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஏறக்குறைய 26 நிமிடத்துக்கு ஒரு தடவை அதே ஜிடி3 பின்னாலிருந்து வந்து இதைத் தாண்டிப் போகும். நாள் முழுக்க ஐம்பது தடவைக்கு மேல். அப்படி ஒரு வண்டி மட்டும் வருவதில்லை. வேகமான வண்டிகள் அத்தனையும் வரும். ஜிடி4 ஓட்டுநருக்குப் பின்பார்வைக் கண்ணாடியும் ஸ்டியரிங்குக்குச் சமம். தன் பிரிவுக்காரரோடு போட்டி போடவேண்டும். தன் பிரிவு அல்லாதவருக்கு வழிவிட வேண்டும். வழிவிடும்போது வேகத்தை இழக்கவும் கூடாது. தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு யார் யாரைத் துரத்துகிறார் என்பதே பிடிபடாது. எனக்கு இந்த நெரிசல்தான் இந்தப் பந்தயங்களின் முழுச் சுவையும். தனியாக ஓடினால் பாதி அழகு போய்விடும்.

பிரிவுகள் எங்கிருந்து வந்தன என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். ஜிடி என்பது 'கிரான் துரிஸ்மோ' என்ற இத்தாலியத் தொடரின் சுருக்கம். தொலைதூரப் பயணத்துக்கு ஏற்ற, வேகமும் சொகுசும் உள்ள கார். ஃபார்முலா வண்டிகள் பந்தயத்துக்காகவே பிறந்தவை. ஜிடி வண்டிகள் அப்படியல்ல. கடையில் விற்கும் ஒரு காரிலிருந்து பந்தய வண்டி உருவாக வேண்டும். 'இந்த வண்டி இன்ன சாலைக் காரிலிருந்து, இன்ன இன்ன மாற்றங்களோடு செய்யப்பட்டது' என்று விளையாட்டு அமைப்பு சரிபார்த்து முத்திரை குத்துவதை ஹோமோலகேஷன் என்பார்கள். தமிழில் வகை ஒப்புதல் என்று வைத்துக்கொள்ளலாம்.

1990களில் இந்த விதியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்கள். சாலைக் காரிலிருந்து பந்தய வண்டி செய்வதற்குப் பதிலாக, முதலில் பந்தய வண்டியைச் செய்துவிட்டு, ஒப்புதலுக்காகச் சாலைக்கென்று சிலவற்றைச் செய்தார்கள். 1996இல் வந்த போர்ஷே 911 ஜிடி1 அப்படிப் பிறந்தது. 1997இல் வந்த மெர்சிடிஸ் சிஎல்கே ஜிடிஆர் இன்னும் ஒரு படி மேலே. பெயரில்தான் சாலைக் கார், உடம்பெல்லாம் பந்தயம். அதன் சாலை வடிவங்கள் மொத்தம் சுமார் 25தான். உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏவின் 1998 ஜிடி தொடரில் பத்துப் பந்தயங்களையும் மெர்சிடிஸே வென்றது. செலவழிக்க முடிந்தவர் ஜெயிப்பார் என்றான பிறகு மற்றவர் எதற்கு வருவார்? அடுத்த ஆண்டு அந்தத் தொடரில் ஜிடி1 பிரிவே இல்லை.

அந்தத் தொடரை நடத்தியவர்களில் முக்கியமானவர் ஸ்டெஃபான் ரட்டேல் என்ற பிரெஞ்சுக்காரர். 2006இல் அவருடைய நிறுவனமும் எஃப்ஐஏவும் சேர்ந்து ஜிடி3ஐத் தொடங்கியபோது கணக்கை மாற்றிப் போட்டார்கள். எந்த நிறுவனம் வேகமான வண்டி செய்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டார்கள். நிறுவனங்கள் வண்டி செய்து தனியார் அணிகளுக்கு விற்கட்டும். எந்த வண்டியை வாங்கினாலும் ஏறக்குறைய ஒரே வேகம் கிடைக்கும்படி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அடுத்த ஆண்டே, இன்னும் மலிவாக, சாலைக் காருக்கு இன்னும் நெருக்கமாக, ஜிடி4 வந்தது. மலிவு என்றால் நம் கணக்கில் அல்ல. ஒரு ஜிடி3 வண்டியின் விலை ஐந்து லட்சம் யூரோவைத் தாண்டும். ஜிடி4 அதில் பாதிக்கும் கீழே.

இப்போது ஒரே நிறுவனத்தின் நான்கு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவோம். நான்கும் போர்ஷே. ஜிடி4 பிரிவுக்கான 718 கேமன் கிளப்ஸ்போர்ட்: 500 குதிரைத்திறன். 992 பிரிவின் 911 ஜிடி3 கப்: 510. உண்மையான ஜிடி3 பிரிவுக்கான 911 ஜிடி3 ஆர்: 565 வரை. ஜிடி2 பிரிவுக்கான 911 ஜிடி2 ஆர்எஸ் கிளப்ஸ்போர்ட்: 700. இந்த எண்களைக் காட்டி "எது வேகம்?" என்று கேட்டால் யாரும் ஜிடி2 என்றுதான் சொல்வார்கள். தடத்தில் சுற்று நேரம் எடுத்தால் முன்னால் வருவது ஜிடி3. 500க்கும் 565க்கும் உள்ள சின்ன இடைவெளியை மட்டும் வைத்து, ஒரு சுற்றில் பத்து நொடி வித்தியாசத்தையும் விளக்க முடியாது.

மர்மம் எஞ்சினில் இல்லை, காற்றில் இருக்கிறது. விமானத்தின் இறக்கை காற்றை வைத்து விமானத்தை மேலே தூக்குகிறது. அதையே கவிழ்த்துப் பொருத்தினால் வண்டியைக் கீழே அழுத்தும். இந்த விசையைக் கீழழுத்தம் என்போம். வண்டியின் எடை கூடாமல் டயர் மட்டும் தரையை அழுத்திப் பிடிக்கும். எடை கூடியிருந்தால் வளைவில் அந்த எடையே வண்டியை வெளியே தள்ளியிருக்கும்; கீழழுத்தத்தில் அந்தச் சிக்கல் இல்லை. பிடிப்பு கிடைக்கிறது, சுமை இல்லை. பின்னாலுள்ள பெரிய இறக்கை கண்ணுக்குத் தெரிவது. வண்டியின் தட்டையான அடிப்பகுதிக்கும் தரைக்கும் நடுவே வேகமாக ஓடும் காற்று உறிஞ்சிப் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாதது. இரண்டாவதின் பங்கு குறைவில்லை.

கீழழுத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் அது நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது. மறுபக்கம், வேகம் குறைந்தால் மளமளவென்று கரைந்துவிடும். ஒரு ஜிடி3 வண்டியைப் போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏற்றினால், அந்தப் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கை வெறும் அலங்காரம். மணிக்கு 210 கிலோமீட்டரில் கிடைப்பதில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான் 30 கிலோமீட்டரில் கிடைக்கும். அங்கே ஜிடி4 கிட்டத்தட்ட ஈடுகொடுக்கும்; சாலைக் காரே போதும் என்பது வேறு விஷயம். பந்தயத் தடங்களில் நிறைய நேரம் கழிவது நீண்ட, வேகமான வளைவுகளில். அங்கே ஜிடி4 ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும் இடத்தில் ஜிடி3 ஓட்டுநர் ஆக்சிலரேட்டரைச் சற்றே தளர்த்திவிட்டுப் போய்விடுவார். வேகமாகப் போவதால்தான் பிடிப்பு, பிடிப்பு இருப்பதால்தான் வேகம். புதிதாக ஓட்டுபவருக்கு இதை நம்புவதுதான் கடினம்; பயந்து மெதுவாகப் போனால் பிடிப்பு போய்விடும்.

ஜிடி2வின் 700 குதிரைக்கும் இதுதான் விடை. ரட்டேலின் நிறுவனம் இந்தப் பெயரை மீண்டும் எடுத்தது வயதான, வசதியுள்ள, பகுதிநேர ஓட்டுநர்களை மனத்தில் வைத்து. நேர்ச்சாலையில் பறக்கட்டும், அதற்குப் பயிற்சி குறைவாகப் போதும். காற்றை நம்பி வளைவில் பாயும் திறமை அவர்களிடம் வேண்டாம் என்று திறனை ஏற்றிக் கீழழுத்தத்தைக் குறைத்தார்கள். 1, 2, 3, 4 என்ற எண் வரிசை வேக வரிசை என்று நம்பினால் இங்கே ஏமாறுவோம்.

கப் வண்டி இந்தக் குடும்பத்தில் தனிரகம். 992 என்பது போர்ஷே தன் 911 காரின் அண்மைத் தலைமுறைக்கு வைத்த உள்எண். அந்தப் பிரிவில் எல்லோரிடமும் அதே வண்டிதான். நம் நாட்டில் 2010இல் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் போலோ கோப்பை இதே முறையில் நடந்தது. வண்டி ஒன்றே என்பதால் யார் வண்டி நல்ல வண்டி என்ற வழக்குக்கே இடமில்லை. ஜிடி3யில்தான் அந்த வழக்கு ஓயாமல் நடக்கிறது.

ஏனென்றால் ஃபெராரியின் எஞ்சின் நடுவில், போர்ஷேயின் எஞ்சின் பின்னால், பிஎம்டபிள்யூவின் எஞ்சின் முன்னால். ஒன்றில் டர்போ, ஒன்றில் இல்லை. ஒன்று அகலம், ஒன்று ஒல்லி. இவற்றை ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் வேலைக்குப் பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ் என்று பெயர். பந்தயக்காரர்கள் 'பிஓபி' என்பார்கள். திறன் சமன் என்று சொல்லலாம். கருவிகள் எளியவை. வேகமான வண்டியில் எடைக்கட்டி ஏற்றுவார்கள். டர்போ இல்லாத எஞ்சினின் காற்று வாயில் ஒரு வளையத்தைப் பொருத்துவார்கள். குறிப்பிட்ட விட்டமுள்ள துளை வழியே போகும் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், அதற்குமேல் எஞ்சின் எவ்வளவு உறிஞ்சினாலும் ஒரு மூச்சுக்கூடக் கூடுதலாக வராது. காற்று இல்லையென்றால் எரிபொருளும் எரியாது. டர்போ எஞ்சினுக்கு அதன் அழுத்தத்துக்கு உச்சவரம்பு வைப்பார்கள். வண்டியின் அடிப்பகுதியைத் தரையிலிருந்து சில மில்லிமீட்டர் உயர்த்தச் சொல்வதும் உண்டு. அந்தச் சில மில்லிமீட்டரில் அடிப்பக்கத்து உறிஞ்சல் குறைந்துவிடும். எல்லாத் தடத்துக்கும் ஒரே அளவு பொருந்தாது. நீண்ட நேர்ச்சாலை உள்ள தடத்தில் எஞ்சின் பலமுள்ள வண்டிக்கு ஆதாயம், வளைவு மிகுந்ததில் கீழழுத்தம் உள்ளதற்கு. அதனால் தடத்துக்குத் தடம் சமனும் மாறும்.

எவ்வளவு எடை, எவ்வளவு பெரிய துளை என்பது எப்படித் தெரியும்? பருவம் தொடங்கும் முன்பே எல்லா வண்டிகளையும் ஒரே தடத்துக்கு வரவழைத்து, ஒரே டயரில், தேர்ந்த ஓட்டுநர்களை வைத்து ஓட்டிப் பார்க்கிறார்கள். காற்றுச் சுரங்கத்தில் வைத்துக் கீழழுத்தத்தையும் காற்றுத் தடையையும் அளக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு பந்தயத்திலும் தடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து நேரம் எடுக்கிறார்கள். நேர்த்துண்டில் முந்தி வளைவுத் துண்டில் பிந்துகிற வண்டிக்கு எஞ்சின் பலம் இருக்கிறது, கீழழுத்தம்தான் போதவில்லை என்று தெரிந்துவிடும்.

சிக்கல் இனிமேல்தான். அளக்கப்படுபவருக்கு அளக்கப்படுகிறோம் என்று தெரியும். இன்று மெதுவாக ஓடினால் நாளை எடை குறையும். எனவே வேகத்தை ஒளித்துவைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். 2016 லு மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் இந்தக் குற்றச்சாட்டு வெளிப்படையாகவே எழுந்தது. முன்பயிற்சியில் அடக்கமாக இருந்த ஃபோர்டு ஜிடி வண்டிகள் தகுதிச் சுற்றில் திடீரென்று தங்கள் பிரிவின் முன்வரிசைக்குப் பாய்ந்தன. தகுதிச் சுற்று முடிந்து பந்தயம் தொடங்குவதற்குள் அமைப்பாளர்கள் ஃபோர்டின் டர்போ அழுத்தத்தைக் குறைத்து, எடையும் ஏற்றினார்கள். ஃபெராரிக்கும் எடை ஏறியது. அதற்குப் பிறகும் அந்தப் பிரிவை ஃபோர்டுதான் வென்றது. ஒளித்தார்களா, வண்டி அப்போதுதான் கைக்கு வந்ததா என்று பந்தய ரசிகர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள்.

ஒளிப்பவரைப் பிடிக்க வழிகள் பெருகியிருக்கின்றன. வண்டிக்குள் இருக்கும் பதிவுக் கருவி, ஓட்டுநர் எந்த இடத்தில் எவ்வளவு ஆக்சிலரேட்டரை மிதித்தார் என்பதை நொடிக்குப் பல தடவை எழுதிவைக்கும். நேர்ச்சாலையில் காலைத் தூக்கியிருந்தால் மாட்டிக்கொள்வார். உலக எண்டியூரன்ஸ் சாம்பியன்ஷிப்பில் 2024 முதல் ஜிடி3 வண்டிகள் எல்எம்ஜிடி3 என்ற பெயரில் ஓடுகின்றன. அங்கே சக்கரத்துக்குப் போகும் அச்சுத்தண்டிலேயே முறுக்குவிசை உணரி இருக்கிறது. எஞ்சின் அறையில் என்ன வித்தை செய்தாலும், சக்கரத்துக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதை அது சொல்லிவிடும். ஒளிக்கக்கூடிய ஒரே பொருளாக ஓட்டுநரின் துணிச்சல் மிஞ்சுகிறது. கடைசிக் கால் நொடியை அவர் எடுக்காமல் விட்டால் எந்த உணரியாலும் அதை நிரூபிக்க முடியாது.

நன்றாகச் செய்தவன் தலையில் கல்லைத் தூக்கி வைப்பது விளையாட்டா என்ற கேள்வி எனக்கும் உண்டு. பொறியாளர்கள் ஆறு மாதம் உழைத்துச் சம்பாதித்த அரை நொடியை ஓர் அறிவிப்பு பிடுங்கிவிடுகிறது. ஆனால் 1998ஐ நினைத்தால் வாய் அடைத்துவிடுகிறது. பிடுங்காமல் விட்டபோது பத்துக்குப் பத்தும் ஒருவரே ஜெயித்தார்.

வண்டிகளைச் சமன்செய்தால் வெளிச்சத்துக்கு வருவது மனித வித்தியாசம். எஃப்ஐஏ ஓட்டுநர்களையும் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரிக்கிறது. முழுநேரத் தொழில்முறையாளர் மேலே. வேறு தொழிலில் சம்பாதித்து ஆசைக்கு ஓட்டுபவர் பெரும்பாலும் வெண்கலம். எல்எம்ஜிடி3யில் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு வெண்கல ஓட்டுநராவது இருந்தே ஆகவேண்டும். 2024 லு மான்ஸில் அந்தப் பிரிவை வென்ற போர்ஷேயின் மூன்று ஓட்டுநர்களில் ஒருவர் யாசர் ஷாஹின் என்ற ஆஸ்திரேலியத் தொழிலதிபர். கார்களுக்கிடையே உள்ள வித்தியாசம் ஒரு நொடிக்குள் அடங்கிவிடும். வெண்கலத்துக்கும் பிளாட்டினத்துக்கும் நடுவே அதைவிட எவ்வளவோ அதிகம். அணித் தலைவர்கள் வேகமான வெண்கல ஓட்டுநரைத் தேடி அலைவதன் காரணம் இதுதான்.

நம் பக்கத்துத் தடங்களில் ஜிடி வண்டிகளைக் காண்பது அரிது. வாளையாறு தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பெரும்பாலும் ஃபார்முலா வண்டிகள்தான். ஆனால் கோவைக்காரர் ஒருவர் ஜிடி உலகின் உச்சத்துக்குப் போனார். ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் 2019இல் ஜப்பானின் சூப்பர் ஜிடி தொடரில், நகாஜிமா அணியின் ஹோண்டா என்எஸ்எக்ஸ் வண்டியை ஓட்டினார். அங்கே இரண்டே பிரிவுகள்: ஜிடி500, ஜிடி300. தொடக்கத்தில் வைத்த குதிரைத்திறன் அளவுகளின் நினைவாக அந்த எண்கள் நிற்கின்றன. ஜிடி300 பிரிவில் உலகெங்கும் ஓடும் ஜிடி3 வண்டிகளும் கலந்துகொள்கின்றன. நரேன் ஓட்டிய ஜிடி500 அதைவிட மிக வேகமானது. அங்கே சமன் செய்யும் முறையும் வேறு. வண்டி எந்த ரகம் என்று பார்ப்பதோடு நிற்காமல், ஜெயித்துப் புள்ளி சேரச் சேர எடை ஏற்றுவார்கள். போன பந்தயத்தின் வெற்றியை அடுத்த பந்தயத்தில் சுமக்கவேண்டும்.

அந்த ஆண்டு நவம்பரில் ஃபூஜி தடத்தில் ஜப்பானின் ஜிடி500 வண்டிகளையும் ஜெர்மனியின் டிடிஎம் தொடர் வண்டிகளையும் ஒன்றாக ஓடவிட்டார்கள். இரு தொடர்களும் 'கிளாஸ் ஒன்' என்ற பொதுவிதியை நெருங்கி வந்திருந்ததால் அது கைகூடியது. இரண்டாம் நாள் பந்தயத்தை வென்றவர் நரேன்.

கிளாஸ் ஒன் வண்டி பெயருக்குத்தான் சாலைக் கார். உள்ளே முழுக்க முழுக்கப் பந்தயம், செலவும் அதற்கேற்ப. டிடிஎம்மில் அந்த விதியோடு ஒரே பருவம் ஓடிவிட்டு ஆஸ்டன் மார்ட்டின் விலகியது. 2020 முடிவில் ஆவுடியும் போனது. 1998இன் கதை வேறு பெயரில் திரும்ப நடந்தது. 2021இல் டிடிஎம் நடத்துபவர்கள் அந்த வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு ஜிடி3க்கு மாறினார்கள். மாறிய முதல் பருவத்திலேயே பெங்களூரின் அர்ஜுன் மைனி அங்கே மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிடி3 ஓட்டினார். பணமுள்ள எந்தத் தனியார் அணியும் விலை கொடுத்து வாங்கக்கூடிய வண்டி அது.